அம்மம்மாட நூல் சீலையில காந்தா தையல்: முதல் துண்டு தைக்கப் போற ஆக்களுக்கு

அலுமாரிக்குள்ள அம்மம்மாட நூல் சீலை ஒண்டு மடிச்ச மடிப்புலயே கிடக்கும். உடுக்கவும் ஏலாது, எறியவும் மனம் வராது. கூடிப்போனா ஆராவது புள்ளை பெத்தா ஏணை கட்டக் குடுப்பம், இல்லாட்டி கிழிச்சு மேசை துடைப்பம். நான் சொல்லப்போறது அந்தச் சீலையை வெச்சுத் தைக்கிற காந்தா தையலைப் பத்தி. மெசின் வேணாம், வட்டச்சட்டம் வேணாம், ஒரு ஊசியும் நூலும் ரெண்டு மூண்டு அடுக்குப் பழந்துணியும் இரிந்தாப் போதும். ஊசியே பிடிச்சுப் பழகாத ஆக்களும் ஒரு கிழமையில கையைப் பழக்கிப் போடலாம்.

நான் மட்டக்களப்புக் கல்லடியில இரிக்கன், நாலு வருசமா தைக்கிறன், இப்ப எங்கட ஒழுங்கையில இரிக்கிற பொம்புளைகள் ஏழெட்டுப் பேர் பின்னேரத்தில வந்து பழகுறாங்க. அவங்களுக்கு வாயால சொல்லிச் சொல்லி அலுத்ததெல்லாம்தான் இங்க எழுதியிரிக்கு.

இது எங்கட ஊர்த் தையல் இல்ல, அதை முதல்ல சொல்லிப்போடுறன். வங்காளத்துக் கிராமத்துப் பொம்புளைகள்ட கைவேலை. கிழிஞ்ச சீலை, வேட்டியை அடுக்கி, அந்தச் சீலைக் கரையில இரிந்தே கலர் நூலை உருவி எடுத்துத் தைப்பாங்களாம், அதால காசு குடுத்து ஒண்டும் வாங்கத் தேவையில்லாத தொழில். காந்தா எண்ட சொல்லுக்குச் சமஸ்கிருதத்தில கந்தல் துணி எண்டுதான் அர்த்தம், நாங்க "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" எண்டு சொல்றமே, அந்தக் கந்தையும் இதே சொல்லுத்தான். இதைக் கேட்ட நாளில இரிந்து எனக்கு இந்தத் தையல் வேற ஆக்கள்ட எண்ட எண்ணமே போயிட்டு. படம் போட்டு நிரப்பித் தைக்கிறதை நக்சி காந்தா எண்டு சொல்லுவாங்க, அதுக்கு இந்தியாவில மேற்கு வங்காளத்துக்கு 2008ல புவிசார் குறியீடு, அதாவது இந்தப் பேர் இந்த இடத்துச் சாமானுக்குத்தான் எண்ட பதிவு, குடுத்திரிக்கு. வங்காளதேசத்திலயும் இது பெரிய தொழில். 2023ல பிரீதிகணா கோஸ்வாமி எண்டவங்களுக்கும், 2024ல தக்தீரா பேகம் எண்டவங்களுக்கும் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ குடுத்தது இந்தக் காந்தா வேலைக்குத்தான். வீட்டுத் திண்ணையில குந்தித் தைக்கிற வேலைக்குப் பத்மஸ்ரீ, யோசிச்சுப் பாருங்க.

சரி, வேலைக்கு வருவம்.

முதல் வேலை, சீலையைப் பாக்கிறது

நல்ல பழசா, கழுவிக் கழுவி மெத்தெண்டு வந்த நூல் சீலையா இரிக்கணும். புதுத்துணி வேணாம், கஞ்சி விறைப்பில ஊசி ஏறாது, நாலு அடுக்கு வெச்சா விரல் நுனி வெடிச்சிடும். சாரமும் நல்லம், சோட்டியும் நல்லம், பருத்தியா இரிந்தாச் சரி. பருத்தியா பொலியெஸ்டரா எண்டு தெரியாட்டி கரையில இரிந்து ரெண்டு நூல் உருவி நெருப்புக்குச்சியில பிடிங்க. கடுதாசி எரியிற மணத்தோட எரிஞ்சு சாம்பல் தூளாப் போனாப் பருத்தி. உருகி, கறுத்து, ஆறின பிறகு குட்டி மணி மாதிரிக் கல்லாச்செண்டா அது பொலியெஸ்டர், அதை வேற எதுக்கும் வெச்சுக்கொள்ளுங்க. முத்தத்தில நிண்டு செய்யுங்க, சீலைக்குக் கிட்ட நெருப்பைக் கொண்டு போகாதீங்க.

பிறகு துணியை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்க. மடிப்பு விழுந்த இடம்தான் முதல்ல இத்துப்போகும். ரெண்டு பெருவிரலாலயும் பிடிச்சு மெதுவா இழுங்க, "சர்"ரெண்டு விட்டுச்செண்டா அந்த இடத்தை விட்டுப்போட்டு வேற இடத்தில வெட்டுங்க. கொஞ்சம் நைஞ்ச துண்டை எறியத் தேவையில்ல, நடு அடுக்குக்குப் போடலாம், மேலயும் கீழயும் பலமான துணி வந்தாச் சரி.

சாயம் போகுதா எண்டு கட்டாயம் பாருங்க. சிவப்பு, கடும் நீலம், கறுப்பு இந்த மூண்டிலயும் கவனம். வெள்ளைத்துணித் துண்டு ஒண்டை நனைச்சு சீலையில வெச்சு சூடான அயன் பெட்டியால அமத்துங்க, வெள்ளையில கலர் ஏறினா அந்தச் சீலையை வெள்ளையோட சேக்காதீங்க. உப்புத் தண்ணியில ஊறவெச்சாச் சாயம் நிண்டுடும் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவாங்க, நானும் நம்பி ஊறவெச்சன், நிக்கல்ல. முதலாவது கழுவலிலயே மூண்டு கிழமை தச்ச வெள்ளைத் துண்டு முழுக்க ரோஸ் கலராப் போச்சு. அதால சொல்றன், சாயம் போற துணியை சாயம் போகாமலாக்கப் பாக்காதீங்க, வேற துணி எடுங்க.

வீட்டில பழஞ்சீலை இல்லாட்டி மட்டக்களப்பில இரிந்து கல்முனை பஸ்ஸில ஏறி மருதமுனையில இறங்குங்க. கைத்தறிக்குப் பேர் போன ஊர், சாரமும் சீலையும் நெய்யிறாங்க. நான் போற வீட்டில ஒரு ராத்தா தறியில இரிந்து வெட்டி மிஞ்சின துண்டுகளை உரப்பையில போட்டு வெச்சிரிப்பாங்க, "இதையெல்லாம் என்னத்துக்குக் கொண்டு போறீங்க" எண்டு கேட்டவங்க இப்ப நான் தச்சதைப் பாத்துப்போட்டு எனக்கெண்டே கலர் பிரிச்சு வெக்கிறாங்க. தறித்துணி புதுசெண்டா நாலைஞ்சு தரம் சுடுதண்ணியில அலசி வெயில்ல போட்டு எடுத்துப் பாவிங்க, கஞ்சியும் போகும், சுருங்கிறதும் முதலே சுருங்கிடும்.

சாமான்

கனக்க ஒண்டும் இல்ல. எம்பிராய்டரி ஊசி, 7ம் நம்பர் அல்லது 8ம் நம்பர். ஆங்கர் மாதிரி ஆறு இழை நூல், முதல் துண்டுக்கு ரெண்டு கலர் போதும். அதில ரெண்டு இழையை மட்டும் பிரிச்சு எடுங்க, ஆறையும் ஒண்டாப் போட்டா கயிறு மாதிரி நிக்கும். நூலை ஒரு முழத்துக்கு மேல வெட்டாதீங்க, நீளமா வெட்டினா அடிக்கடி கோக்கத் தேவையில்ல எண்டு எல்லாரும் நினைக்கிறது, ஆனா நீள நூல் முறுகி முடிச்சு விழும், துணிக்குள்ள போய் வந்து பஞ்சாகி மினுக்கமும் போயிடும். ஊசிக்கு இன்னொரு விசயம், எங்களுக்குக் கடல் கிட்ட எண்டபடியால் ஊசி ஒரு மாசத்தில கறள் பிடிக்கும், கறள் ஊசி வெள்ளைத் துணியில மண்ணிறப் பொட்டு வெக்கும், அது லேசில போகாது. தச்சு முடிய ஊசியைத் துணியில குத்தி வெக்காம துடைச்சு, பவுடர் கொஞ்சம் போட்ட சின்னப் பேணிக்குள்ள மூடி வெச்சிடுங்க.

அடுக்கி விரிக்கிறது

முதல் துண்டு பெரிசா வேணாம். புதுசா வாறவங்க எல்லாரும் கட்டில் விரிப்புத்தான் தைக்கோணும் எண்டு நிப்பாங்க, அது ரெண்டு மாசத்துக்குப் பிறகு பாய்க்குக் கீழ போயிடும். 12 அங்குலச் சதுரம், மூண்டு அடுக்கு, தேத்தண்ணித் தட்டுக்கு விரிக்கிற அளவு. ஆனா வெட்டுறது 14 அங்குலமா வெட்டுங்க, ஏனெண்டா காந்தா தச்சாத் துணி சுருங்கும், பிறகு ஓரம் மடிக்கவும் வேணும்.

மூண்டையும் அயன் பண்ணி, நிலத்தில பாயை எடுத்துப்போட்டுச் சீமெந்தில ஒண்டுக்கு மேல ஒண்டா விரிங்க. நடுவில இரிந்து ஓரத்துக்குக் கையால தடவித் தடவிச் சுருக்கம் எடுங்க. நாலு மூலையிலயும் பாரம் வைங்க, நான் அம்மிக்குழவியும் தேங்காயும் வைப்பன். பிறகு சும்மா தையல் நூலால பெரிய பெரிய தையலா நடுவில இரிந்து நாலு பக்கமும், அதுக்குப் பிறகு நாலு விரல் இடைவெளி விட்டு முழுக்க ஓட்டுங்க. இதைப் பிறகு உருவிப்போடுறதுதானே எண்டு விட்டுப்போட்டு நேரா வேலையில இறங்கிற ஆக்கள்ட துண்டு எல்லாம் கீழ் அடுக்கில குமிழ் விழுந்துதான் முடியும். அரை மணித்தியால வேலை, விடாதீங்க.

படம்

காந்தாவில வழமையா நடுவில தாமரை, நாலு மூலையிலயும் மரம் இல்லாட்டி மாங்காய் வடிவம் வரும். மீனும் வரும், வங்காளமும் எங்களை மாதிரி ஆறும் மீனும் உள்ள இடம்தானே. மீன்பாடும் தேன்நாடு எண்டு சொல்ற மட்டக்களப்பில இரிந்துகொண்டு முதல் படமா வேற என்னத்தைத் தைக்கிற? ஒரு மீன், ஒரு சாண் நீளம், உடம்புக்கு ரெண்டு வளைவு, வாலுக்கு மூண்டு கோடு, கண்ணுக்கு ஒரு பொட்டு. அவ்வளவும் போதும். கடுதாசியில கீறி, பென்சிலால மெல்லிசாத் துணிக்கு மாத்துங்க, கடும் கலர்த் துணியெண்டா தேஞ்சுபோன சவக்காரத் துண்டு காஞ்சு தகடு மாதிரி வந்திரிக்குமே, அதால கீறுங்க, கழுவினவுடன போயிடும். பேனையால கீறவே கூடாது. காபன் பேப்பரும் வேணாம், கைபட்டு முழுக்கக் கறுக்கும்.

தையல்

இதுக்குத்தான் இவ்வளவும். காந்தாவுக்கு அடிப்படை ஒரே ஒரு தையல், ஓடு தையல், நாங்க பள்ளிக்கூடத்தில மனையியல் பாடத்தில முதல்ல பழகினது. ஊசி மேல வந்து கீழ போய் மேல வந்து கீழ போகும், அவ்வளவுதான், ஆனா அந்த ஒரு தையலாலயே படத்தையும் நிரப்பி வெறும் இடத்தையும் நிரப்பித் துணிக்கே ஒரு அலை வரப்பண்ணுவாங்க. முதல் முதல் ஒரு பழைய காந்தாவைத் தொட்டுப் பாத்தபோது எனக்கு விளங்கினது அதுதான், கண்ணுக்குத் தெரியிறது கலர், கைக்குத் தெரியிறது அலை, பின்னேரக் காத்துக்கு வாவித் தண்ணி சிலிர்க்கிற மாதிரி.

தையல்ட அளவு சின்னச் சம்பா அரிசி மணி ஒண்டு, மேல தெரியிறது 3 மில்லிமீற்றர், கீழ போறது அதிலயும் கொஞ்சம் குறைய, 2 மில்லிமீற்றர். முதல் நாள் அரிசி நாலைஞ்சு மணியைப் பக்கத்தில வெச்சுப்போட்டுத் தையுங்க, விளையாட்டுக்குச் சொல்லல்ல, கண் தானாப் பழகும். நூல் நுனியில முடிச்சுப் போட்டு மேல் அடுக்குக்குக் கீழால விட்டு இழுத்தா முடிச்சு அடுக்குக்கு உள்ள ஒளிச்சிடும், பின்பக்கமும் வடிவா இரிக்கும். நல்ல காந்தாவுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது எண்டு லேசில பிரிச்சுப் பாக்க ஏலாது.

முதல்ல மீன்ட வெளிக்கோட்டைத் தையுங்க. அதுக்குப் பிறகு மீனுக்குள்ள வேற கலரால நிரப்புங்க, கோட்டுக்குக் கோடு 3 மில்லிமீற்றர். முதல் வரியில தையல் வந்த இடத்துக்கு நேர அடுத்த வரியிலயும் தையல் வந்தா வரி வரியாக் கட்டம் மாதிரி நிக்கும், முதல் வரியில இடைவெளி வந்த இடத்துக்கு நேர தையல் வந்தா செதில் மாதிரி வரும். மீனுக்கு ரெண்டாவது. இது சொல்லும்போது லேசு, கை பழக ரெண்டு நாள் எடுக்கும்.

மீன் முடியத்தான் வெளி. வெளியை நேர் கோட்டால நிரப்பாம மீனைச் சுத்திச் சுத்தி அதே வடிவத்தில வளைச்சு வளைச்சு வாங்க, குளத்தில கல்லுப் போட்டா வட்டம் வட்டமா விரியுமே, அப்பிடி. எப்பவும் நடுவில இரிந்து வெளியால போங்க, ஓரத்தில இரிந்து உள்ளுக்கு வந்தா நடுவில துணி கூம்பி நிக்கும், அதை எந்த அயனாலயும் சரிக்கட்ட ஏலாது. ஊசியில ஒரு தடவைக்கு மூண்டு நாலு தையல் ஏத்தி இழுங்க, ஒவ்வொண்டா இழுத்தா வரி நெளியும், கையும் நோகும்.

இழுக்கிற பதம்தான் முக்கியம். பலமா இழுத்தாத் துணி பை மாதிரிச் சுருங்கும், தளர விட்டா அலை வராது, நூல் பின்பக்கம் தொங்கும். ஒரு வரி முடிய விரல் நுனியால வரிக்கு மேல ஒரு தடவு தடவுங்க, இறுகின இடமெல்லாம் தானா நெகிழ்ந்து ஒரே மாதிரி வரும். என்ட மாமி தச்சுக்கொண்டே தடவிக்கொண்டு போவா, "புள்ளைக்கு முதுகு தடவுற மாதிரித் தடவணும் மகள்" எண்டுவா, இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல்ல.

பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையில தைக்காதீங்க, எங்கட வெக்கைக்குக் கை வேர்த்து நூல் அழுக்காகும். கை கழுவித் துடைச்சுப்போட்டுத் தையுங்க, தேங்காயெண்ணெய்க் கை வேணவே வேணாம். இரவு மஞ்சள் லைட்டில கடும் கலர் வேணாம். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடங்க, கழுத்து இப்ப ஒண்டும் சொல்லாது, பத்து வருசத்துக்குப் பிறகு சொல்லும்.

முடிக்கிறது

ஓரத்தை ரெண்டு மடிப்பா மடிச்சு அதே ஓடு தையலால தையுங்க, அல்லது சீலைக் கரையை வெட்டி எடுத்துச் சுத்திவர வெச்சுத் தையுங்க, அது இன்னும் வடிவு. அடுக்கி விரிக்கேக்க பெரிசு பெரிசா ஓட்டின சும்மா நூலை மட்டும் உருவுங்க. குளிர் தண்ணியில கொஞ்சம் சவக்காரம் போட்டு அலசி, முறுக்காம, நிழல்ல காயப்போடுங்க. அயன் பண்ணாதீங்க, பண்ணினா அலை படுத்திடும்.

விலை

இதை எழுதத்தான் நான் முதல்ல இரிந்தே நினைச்சன். ஒரு கணக்குப் பாப்பம். 12 அங்குலம் எண்டா 30 சென்டிமீற்றர். கோட்டுக்குக் கோடு 3 மில்லிமீற்றர் எண்டா கிட்டத்தட்ட 100 வரி. ஒரு வரியில 60 தையல். மொத்தம் 6000 தையல். பழகின கை ஒரு மினிட்டுக்குப் பத்துத் தையல் போடும், 600 மினிட், அதாவது 10 மணித்தியாலம். வெட்டி விரிச்சு ஓட்டி ஓரம் அடிக்க இன்னும் ரெண்டு. 12 மணித்தியாலம். இப்ப உங்கட ஊரில ஒரு பொம்புளை கூலி வேலைக்குப் போனா ஒரு நாளைக்கு என்ன குடுப்பாங்களோ அதை எட்டால பிரிங்க. உதாரணத்துக்கு 2000 ரூவா எண்டு வைப்பம், மணித்தியாலத்துக்கு 250. 12 மணித்தியாலத்துக்கு 3000, நூலுக்கு ஒரு 300 போடுங்க. 3300 ரூவா, இதில லாபமே இல்ல, கூலி மட்டும்தான்.

நான் முதல் வித்த துண்டு 350 ரூவாக்குப் போச்சு. வாங்கினவங்க பழஞ்சீலைதானே எண்டாங்க, எனக்கும் வாய் வரல்ல, பழஞ்சீலைதானே எண்டு நானும் நினைச்சன். அதுக்குப் பிறகு கொழும்பில ஒரு கடை பத்துத் துண்டு கேட்டு வாங்கி, வித்த பிறகு காசு எண்டு சொல்லி, ஏழு மாசம் போன் எடுக்கல்ல. அந்தக் காசு இன்னும் வரல்ல. இப்ப நாங்க ஆருக்கும் பாதிக் காசு முன்னுக்கு வாங்காம ஊசி கோக்கிறது இல்ல, கடைக்கெண்டா துண்டு எத்தினை, விலை என்ன, எந்தத் திகதியில காசு எண்டு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து.

பழந்துணி வேலைக்குக் கூலி கேக்கிறது எங்களோட தொடங்கின சண்டை இல்ல. இந்தியாவில அகமதாபாத்தில மில்லுகள்ட கழிவுத் துணியைத் தச்சுப் போர்வை உறை செய்த பொம்புளைகள் இரிந்தாங்க, வீட்டில இரிந்து தச்சபடியால் அவங்களைத் தொழிலாளி எண்டே ஆரும் கணக்கெடுக்கல்ல. இலா பட் எண்டவங்க 1972ல அங்க தொடங்கின சேவா எண்ட சங்கம்தான் அவங்களையும் சேத்துத் துண்டுக்கு இவ்வளவு எண்டு கூலி கேக்கப் பண்ணினது. இந்த வேலையை "சும்மா வீட்டில குந்தித் தைக்கிறா" எண்டு சொன்னா எனக்கு மிச்சம் கோவம் வரும்.

3300க்கு ஆரும் வாங்காட்டி விலையைக் குறைக்காதீங்க, தையலைக் குறையுங்க. வரிக்கு வரி 6 மில்லிமீற்றர் விட்டா 3000 தையல், 5 மணித்தியாலம் மிச்சம். இன்னும் குறைய வேணுமெண்டா உள்ளங்கை அளவில சின்னப் பேர்ஸ், இல்லாட்டி சட்டைக் கையில ஒரு மீன். ஆனா நெருக்கித் தச்ச துண்டு ஒண்டையும் பக்கத்தில வெச்சுக் காட்டுங்க, தொட்டுப் பாக்கக் குடுங்க, தொட்ட ஆக்கள் விலை பேசுறது குறைவு.

விக்கப் போகும்போது ரெண்டு விசயம். நாங்க தச்சதை வங்காள நக்சி காந்தா எண்டு சொல்லி விக்கக் கூடாது, அந்தப் பேர் அந்தப் பொம்புளைகள்ட சொத்து. காந்தா தையல், மட்டக்களப்பில தச்சது, மருதமுனைத் தறித்துணி எண்டு உள்ளதைச் சொல்லுங்க, அதுவே நல்ல பேர்தான். மற்றது, இதைத் தொடங்க ஒரு சதமும் கடன் எடுக்காதீங்க. எங்கட பக்கத்தில கிழமைக்குக் கிழமை கட்டுற நுண்கடனால வீட்டை விட்டு ஒளிச்சுத் திரிஞ்ச பொம்புளைகளை எனக்குத் தெரியும். ஒரு ஊசிக்கும் ரெண்டு நூலுக்கும் கடன் தேவையில்ல. அஞ்சாறு பேர் சேந்தா பிரதேச செயலகத்தில பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைப் போய்க் காணுங்க, கண்காட்சி, பயிற்சி ஏதும் வந்தா அவங்களுக்குத்தான் முதல் தெரியும், உங்கட பேர் அங்க இரிக்கட்டும்.

படம் எடுக்கிறதெண்டா காலமை வெயில் சரிஞ்சு விழுற நேரம் முத்தத்தில விரிச்சு எடுங்க, பக்கத்தால வாற வெளிச்சத்துக்குத்தான் அலை தெரியும். வட்ஸ்அப்பில போடும்போது பின்பக்கப் படமும் ஒண்டு போடுங்க.

முதல் துண்டை மட்டும் விக்காதீங்க. அது கோணலாத்தான் வரும், மீன் கருவாடு மாதிரி நிக்கும், எங்கட ஒழுங்கையில எல்லார்ட முதல் மீனும் அப்பிடித்தான். அதின்ட பின்பக்க மூலையில சீலை ஆற்றதெண்டும் தச்ச திகதியும் சின்னனாத் தச்சு வெச்சிடுங்க. என்ட முதல் துண்டில "அம்மம்மா" எண்டு இரிக்கு, "ம்"க்குப் பொட்டு வெக்க இடம் போதாம ஓரத்தில தச்சிரிக்கன்.